ஸ்க்ரூ நிற்குமா டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. முதுகுத்தண்டில் ஸ்க்ரூ வைக்கணுமாம். ஆனால் எலும்பில் வலு இல்லையாம். விலை உயர்ந்த ஸ்க்ரூ போட்டால் நிற்குமா? (தேனி வாசகி)

பதில்: மண்சுவரில் தங்க ஆணி அடித்தாலும் சுவர் மண்சுவர்தானே! விலையை விடப் பிடிமானம்தான் முக்கியம். அதற்காகத்தான் தடிமனான, நீளமான ஸ்க்ரூ போடுகிறார்கள். மேலும் கீழும் கூடுதலாக ஓரிரு முள்ளெலும்புகளையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். அதுவும் போதாதென்றால் சிமெண்ட்.

கேள்வி: சிமெண்டா? அப்போ கொத்தனாரும் வருவாரா? (கரூர் வாசகர்)

பதில்: அவருக்கு வேலையில்லை. இது அக்ரிலிக் சிமெண்ட். பொடியையும் திரவத்தையும் குழைத்து, பக்கவாட்டில் துளையுள்ள ஸ்க்ரூ வழியாக உள்ளே செலுத்துவார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும். எக்ஸ்ரே திரையை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். கசிந்தால் நரம்பை அழுத்தலாம், ரத்தக்குழாயில் ஏறினால் நுரையீரல் வரை போய்விடலாம்.

கேள்வி: எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகு நார்மல் என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா? (நாகை வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த ஸ்கேன் தரும் மார்க்கான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. ஆனால் வயதானவர்களின் முதுகில் துருத்தி வளரும் எலும்பு முளைகள் மார்க்கைக் கூட்டிக் காட்டிவிடும். இடுப்பெலும்பின் மார்க்கையும் பாருங்கள்.

கேள்வி: எலும்பைத் தேற்றிவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாமே? (சேலம் வாசகி)

பதில்: காலில் பலம் குறைகிறது, சிறுநீர் கட்டுப்பாடு போகிறது என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். அவசரமில்லை என்றால் நல்ல யோசனை. வைட்டமின் டி குறைவைச் சரிசெய்வார்கள். சிலருக்கு எலும்பைக் கட்டும் டெரிபாரடைட் ஊசியைத் தினமும் போடச் சொல்வார்கள். சிகரெட்டை நிறுத்தச் சொல்வார்கள். அதற்கு மட்டும் செலவில்லை, மிச்சம்தான்!

கேள்வி: ஸ்க்ரூ ஆயுசுக்கும் தாங்குமா? (மதுரை வாசகர்)

பதில்: முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டும் வரை அசையாமல் பிடித்திருப்பதே அதன் வேலை. ஒட்டிவிட்டால் பாரத்தை எலும்பே சுமக்கும். ஒட்டாவிட்டால் ஸ்க்ரூ ஆடும், ஸ்க்ரூக்களை இணைக்கும் கம்பியே உடையலாம். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால், ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று சந்தேகிப்பார்கள்.

கேள்வி: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி எலும்பு மாத்திரை எதற்கு? (தஞ்சை வாசகர்)

பதில்: ஸ்க்ரூ போட்ட பகுதி விறைத்து நிற்கும், அதற்கு அடுத்த முள்ளெலும்பின் மேல் பளு கூடும். அதுவும் அதே வலுவில்லாத எலும்புதான். நொறுங்க வாய்ப்பு அதிகம். டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்புக்கு மருந்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், டாக்டரிடம் கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.