முயல் சொன்ன சாட்சி

ஜிம் தம்பிகளே! அவித்த முட்டையைப் பிளந்து, மஞ்சள் கருவைக் கட்டைவிரலால் நெம்பிக் குப்பையில் தள்ளுகிறீர்களே, அதன் மேல் முதலில் சந்தேகம் கிளப்பியது யார் தெரியுமா? பெரிய டாக்டர் யாரோ என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஒரு முயல்!

1913, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நிக்கோலாய் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி, மஞ்சள் கருவில் இருக்கும் கொலஸ்ட்ராலை சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். ரத்தக்குழாய்கள் தடித்துப்போயின. பாவம், ஜென்மத்தில் ஆம்லெட்டை முகர்ந்துகூடப் பார்க்காத பிராணி! எலிகளுக்கோ அதே சாப்பாட்டால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எலியின் சாட்சியை யார் மதித்தார்கள்?

1955-இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு ஹார்ட் அட்டாக். நாடே நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. மனிதர் ஒரு காலத்தில் நாளைக்கு நாலு பாக்கெட் சிகரெட் ஊதித் தள்ளியவர். ஆனாலும் ஜனங்கள் பயத்தோடு பார்த்தது பிரேக்ஃபாஸ்ட் தட்டை!

அப்போது மேடையேறினார் விஞ்ஞானி ஆன்சல் கீஸ். கொழுப்புக்கு எதிராக முழங்கி, 1961-இல் 'டைம்' பத்திரிகையின் அட்டைப்படம் வரை போன ஸ்டார். சாப்பாட்டில் இருக்கும் கொலஸ்ட்ரால் மனிதர்களை அவ்வளவாகப் பாதிக்காது என்று அவரே சொன்னதுதான் வேடிக்கை. ரசிகர்கள் தலைவர் பேச்சில் பாதியைத்தானே கேட்பார்கள்!

1968-இல் அமெரிக்க இதய சங்கம், வாரத்துக்கு மூன்று முட்டைக்கு மேல் கூடாது என்று ரேஷன் போட்டது. 1984-இல் அதே 'டைம்', இரண்டு முட்டையைக் கண்ணாகவும் பேக்கன் துண்டைத் தொங்கிய வாயாகவும் வைத்து அட்டையில் ஓர் அழுமூஞ்சியை அச்சிட்டது. கேஸ் முடிவதற்குள் குற்றவாளி போட்டோ போஸ்டரில்!

1991-இல் வந்தார் நம் ஹீரோ. வயது 88. தினமும் 25 முட்டை. தப்பாகப் படிக்கவில்லை, இருபத்தைந்தேதான்! ரத்தத்தில் கொலஸ்ட்ரால்? நார்மல். அவர் உடம்பு கொஞ்சத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டது; உள்ளே போனதையும் வேகமாகப் பித்த அமிலமாக மாற்றியது. டாக்டர்கள் பிரபல மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்கள். தாத்தா அடுத்த முட்டையை உரித்திருப்பார்.

வெள்ளைக் கரு பக்தர்களுக்கும் ஒரு கதை உண்டு. 1942-இல் அமெரிக்காவில் சில தன்னார்வலர்களுக்குச் சமைக்காத வெள்ளைக் கருவை ஏராளமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் உரிந்தது, உடம்பு சோர்ந்தது, தசை வலித்தது. வெள்ளைக் கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினை அமுக்கிப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். மருந்து அந்தப் பயோட்டின்தான். அது ஏராளமாக இருக்கும் இடம்? பக்கத்து ரூமில், மஞ்சள் கருவில்!

2015-இல் அமெரிக்க உணவு வழிகாட்டி, நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்தான் என்ற வரம்பைக் கழற்றிவிட்டது. மஞ்சள் கருவிடம் ஒரு ஸாரி? மூச்!

கணக்கு இதுதான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அதில் கிட்டத்தட்ட பாதி மஞ்சளில். வைட்டமின் ஏ, டி, மூளைக்கு வேண்டிய கோலின் எல்லாம் அங்கேதான். வெள்ளையில் புரதம் போக, பெரும்பகுதி தண்ணீர். சர்க்கரை நோயோ, இதய நோயோ, பரம்பரைக் கொலஸ்ட்ராலோ இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். மற்றவர்கள் நாளைக்கு ஒரு முட்டையை முழுசாகச் சாப்பிடுங்கள். அவித்து!