வாங்க துரை!

தமிழ்நாட்டு வீடுகளில் பிள்ளைகளுக்கு மரியாதையே கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏராளமாகக் கிடைக்கும். விடுமுறை நாளில் ஒன்பது மணிக்கு எழுந்து வந்து பாருங்கள். “வாங்க துரை, தூக்கம் கலைஞ்சுதா? காபி அங்கேயே கொண்டு வரட்டுங்களா?” என்று வரவேற்பு நடக்கும். ‘டா’ போட்டுக் கூப்பிடும்வரை பையனுக்கு ஆபத்தில்லை. ‘ங்க’ விழுந்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான். பெண் பிள்ளை என்றால் ‘மகாராணி’. 1971-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ராஜாக்களின் பட்டத்தையும் மானியத்தையும் சேர்த்து ஒழித்தார்கள். எங்கள் வீட்டில் மானியம் மட்டும்தான் ஒழிந்தது.

கேள்விகளும் இதே ரகம்தான். இரவு தாமதமாக வருகிற பிள்ளையிடம் அப்பா “மணி என்ன?” என்பார். அவர் தலைக்கு மேலேயே கடிகாரம் தொங்கும். “பத்தே கால்” என்று சொல்லிப் பாருங்கள். “எதிர்த்தா பேசற?” சரி, பேசாமல் நின்றால்? “கேட்டுக்கிட்டே இருக்கேன், வாயில என்ன கொழுக்கட்டையா?” இந்தப் பரீட்சையில் இதுவரை யாரும் பாஸானதில்லை.

தாமஸ் கார்டன் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். பெற்றோருக்கு வகுப்பெடுக்க 1962-இல் ஆரம்பித்தார். 1970-இல் அதையே புத்தகமாகப் போட்டார். பிள்ளைகள் வாயைத் திறக்க விடாத பேச்சு பன்னிரண்டு வகை என்பது அவர் கணக்கு. அதட்டல், மிரட்டல், உபதேசம், பட்டப்பெயர், கிண்டல், குறுக்கு விசாரணை என்று பட்டியல் நீள்கிறது. என் அம்மா ஒரு தோசை வேகிற நேரத்தில் பதினொன்றை முடித்துவிடுவார். மிச்சம் இருப்பது பாராட்டு. ஆமாம், அதுவும் ஒரு தடைதான் என்கிறார் கார்டன். அந்தக் குற்றத்தை மட்டும் எங்கள் பரம்பரையில் எவரும் செய்ததில்லை.

இதற்கு நடுவில் ஐக்கிய நாடுகள் சபை வேறு. குழந்தையைப் பாதிக்கிற விஷயங்களில் அதன் கருத்தையும் கேட்க வேண்டும் என்று 1989-இல் உடன்படிக்கை போட்டது. 12-வது பிரிவு. இந்திய அரசு 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது. என் அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் நான் ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று வீட்டில் முடிவானது. ஹாலில் அப்பா ஈசிசேரில். நான் அவர் காலடியில். “ஃபர்ஸ்ட் குரூப்னு உன் பையன்கிட்ட சொல்லிடு” என்றார் அடுப்படியைப் பார்த்து. அம்மா கரண்டியோடு வந்து, “ஃபர்ஸ்ட் குரூப்பாம்டா” என்றார். நான் அம்மாவிடம் “சரின்னு சொல்லிடும்மா” என்றேன். அவரும் அப்பா பக்கம் திரும்பிச் சொன்னார். மூன்று பேருக்கும் இதில் விசித்திரமாக எதுவும் படவில்லை.

என் மகளிடம் இப்படியெல்லாம் வேண்டாம் என்று கார்டன் சொன்ன வழியில் இறங்கினேன். ‘நீ இப்படி, நீ அப்படி’ என்று குற்றம் சுமத்தாமல், நம் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டுமாம். டியூஷன் முடிந்து அவள் தாமதமாக வந்த அன்று, “நீ வர லேட்டாகுதுன்னா எனக்குக் கவலையா இருக்கும்மா” என்றேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அம்மா, சீக்கிரம் வா! அப்பா என்னவோ மாதிரி பேசறார்!” மனைவி வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அன்று ராத்திரி எனக்கு ரசம் சாதம்தான் கிடைத்தது.

ஆனாலும் விடவில்லை. இப்போதெல்லாம் அவள் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். தட்டுகிற கையோடு திறந்தும் விடுகிறேன் என்று அவளுக்கு ஒரு புகார் இருக்கிறது. அந்தப் புகார் நேராக என்னிடமே வருகிறது. அம்மா வழியாக வருவதில்லை.