ஐம்பதின் இயற்கணிதம்: புதுவாயல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்லூரிகளில் இயற்கணிதம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று அறிஞர் பெருமக்கள் ஏற்கெனவே போதுமான அளவு கவலைப்பட்டுவிட்டார்கள். கரும்பலகையில் நடத்தப்படும் இயற்கணிதம் ஒன்று, மாணவர் கற்றுக்கொண்டு வெளியேறும் இயற்கணிதம் வேறொன்று என்பது மட்டும் ஏனோ அவர்கள் கண்ணில் படவில்லை. இரண்டாவது வகை கடைசி பெஞ்சிலும், விடியற்காலையில் சென்னையை விட்டுக் கிளம்பும் கல்லூரிப் பேருந்திலும், கவரைப்பேட்டை ரயில் நிலைய நடைமேடையிலும் வாய்வழியாகப் பயிலப்பட்டு வருகிறது. அதற்குப் பாடநூல் இல்லை, தேர்வும் இல்லை. ஆனால் அதில் அரியர் வைத்தவர் என்று எவரும் கிடையாது. "எனக்கு மேத்ஸ் ஏறவே ஏறாது சார்" என்று கை விரிக்கும் மாணவர், இரு மாறிகள் கொண்ட நேரியல் சமனிலித் தொகுதியைக் காகிதமே இல்லாமல் தீர்க்க வல்லவர் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம்

சென்னையிலிருந்து வடக்கே ஆந்திரம் நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலைக்கு இப்போதைய எண் 16. பழைய ஆட்கள் இன்றும் என்.எச். 5 என்றுதான் சொல்வார்கள். அந்தச் சாலையில் கவரைப்பேட்டையை ஒட்டி இருக்கிறது புதுவாயல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளும் மாணவர்களை ஏற்றிச் செல்லும் மஞ்சள் பேருந்துகளும் காலை நேரத்தில் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் இடம். ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி 1995இலும், ஆர்.எம்.டி. பொறியியல் கல்லூரி 2001இலும், ஆர்.எம்.கே. பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி 2008இலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தொடங்கப்பட்டன. எனவே ஆய்வுக்குரிய உயிரினம் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. ஆய்வுக் குறிப்புகள் பெரும்பாலும் புறநகர் ரயிலில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே, காதை மட்டும் தீட்டிக்கொண்டு சேகரிக்கப்பட்டவை. எந்தக் கல்லூரியையும் இது குறிப்பிட்டுச் சொல்வதல்ல. இதே பேச்சை ஸ்ரீபெரும்புதூர் பேருந்திலும் கேட்கலாம்.

களத்துக்குள் நுழையும் முன்பே மாணவர் ஒரு சமன்பாட்டைத் தாண்டித்தான் வருகிறார். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு ஒழிந்த பிறகு பொறியியல் சேர்க்கைக்கு எல்லாமே கட்-ஆப்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. கணிதத்தில் ஒரு மார்க் விட்டால் முழுதாக ஒன்று போகும், வேதியியலில் விட்டால் அரைதான் போகும் என்பது பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு மட்டுமல்ல, அவருடைய அத்தைக்கும் தெரியும். கெழு என்றால் என்ன என்று அத்தையைக் கேட்டால் விழிப்பார். ஆனால் கெழுவின் வேலை என்ன என்பதை அவர் அந்த மே மாதம் முழுக்கத் தெருவுக்கே விளக்கியிருப்பார்.

முன்னாய்வுகள்

இத்துறையில் முன்னோர் சிலரைச் சொல்லாமல் மேலே போவது முறையல்ல.

பூசணிக்காயை உடைக்காமலே உள்ளே எத்தனை விதை என்று சொல்லக் கணக்கதிகாரத்தில் காரிநாயனார் வழி வைத்திருக்கிறார். மேலே தெரியும் கீற்றுகளை எண்ணிப் பெருக்கிக்கொண்டே போனால் விடை வந்துவிடுமாம். விடைத்தாள் கட்டைப் பிரிக்கும் முன்பே "எனக்கு 47 வரும், உனக்கு 52" என்று தேர்வறை வாசலில் நின்று சொல்லும் மரபுக்கு இதுவே மூலநூல் என்பது இந்த ஆய்வாளரின் துணிபு. எழுதிய பக்கங்களும் வாங்கிய அடிஷனல் ஷீட்டும்தான் கீற்று. விதை விஷயத்தில் இரண்டு முறைகளுமே ஒரே அளவு நம்பகமானவை.

அடுத்தவர் சீனிவாச இராமானுஜன். இவருடைய அரியர் வரலாறு நேர் எதிர்மறையானது. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களைக் கவனிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. உடலியல் பாடம் அவரைப் படுத்திய பாடு பிரசித்தம். கணிதம் ஒன்றில் மட்டும் பாஸ், மற்றவற்றில் பெயில். புதுவாயல் வட்டாரத்தில் மற்றவற்றில் பாஸ், கணிதம் ஒன்றில் மட்டும் பெயில். இரண்டையும் கூட்டினால் ஒரு முழுப் பட்டதாரி கிடைப்பார். இராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலையில் சேர்ந்தார் என்பதையும் கேம்பஸ் இன்டர்வியூ பற்றிக் கவலைப்படுவோர் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மூன்றாமவர் வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் மனைவியோடு நடந்துகொண்டிருந்தபோது குவாட்டர்னியன்களின் சூத்திரம் மனதில் உதிக்க, கையிலிருந்த கத்தியால் அதை அங்கேயே பாலத்தின் கல்லில் கீறினார். அந்த இடத்தில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது. இங்கேயோ பெஞ்சில் காம்பஸ் முனையால் சூத்திரம் கீறியவரை ஹால் சூபர்வைசர் எழுப்பி வேறிடத்தில் உட்கார வைக்கிறார். அறிவுலகம் ஒரே செயலுக்கு இரண்டு நீதி வைத்திருப்பது வருத்தத்துக்குரியது.

அணிகளின் இடப்பெயர்ச்சி

கல்லூரி இயற்கணிதத்தில் மாணவர் மனம் ஒட்டும் ஒரே இடம் மேட்ரிக்ஸ், அதாவது அணிகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ரெகுலேஷனில் அது முதல் செமஸ்டரில், எம்-1 தாளின் முதல் யூனிட்டாக இருந்தது. 2017 ரெகுலேஷனில் எம்-2க்குப் போனது. 2021இல் மறுபடியும் முதல் செமஸ்டருக்கே திரும்பி வந்தது. பருவம் பார்த்துப் பழவேற்காட்டுக்கு வந்துபோகும் பூநாரைகளைப் போல அது ஏன் போகிறது, ஏன் வருகிறது என்று உள்ளூரில் யாரும் கேட்பதில்லை. வந்த வருடம் மகிழ்கிறார்கள். வராத வருடத்து மாணவர்கள் முதல் செமஸ்டரில் வகையீடு, தொகையீடு என்று அலைந்து மெலிகிறார்கள்.

மகிழ்ச்சிக்குக் காரணம் இருக்கிறது. மேட்ரிக்ஸ் கணக்குக்கு நடைமுறை உண்டு, புரிதல் தேவையில்லை. முதல் வரிசையில் 8, −6, 2. இரண்டாம் வரிசையில் −6, 7, −4. மூன்றாவதில் 2, −4, 3. இந்த அணியைத் தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர் யாரிடம் காட்டினாலும் பழைய வகுப்புத் தோழனைப் பார்த்த மாதிரி ஒரு முகமாற்றம் தெரியும். மூலைவிட்டத்தைக் கூட்டினால் 18, அது எஸ்-1. சிற்றணிக்கோவைகள் 20, 20, 5. கூட்டினால் 45, அது எஸ்-2. அணிக்கோவை பூஜ்யம், அது எஸ்-3. லாம்டா க்யூப் கழித்தல் 18 லாம்டா ஸ்கொயர் கூட்டல் 45 லாம்டா, சமம் பூஜ்யம். ஐகன் வேல்யூக்கள் 0, 3, 15. கேள்வி எடுப்பவர்களுக்கு இந்த அணி மீது ஏன் இவ்வளவு பிரியம் என்பதற்கான விடை அடுத்த படியில் இருக்கிறது. ஐகன் வெக்டர்கள் (1, 2, 2), (2, 1, −2), (2, −2, 1). மூன்றின் நீளமும் சரியாக 3. வர்க்கமூலக் குறியே தேவைப்படாது. இதைத் தேடிப் பிடித்துப் பாடநூலில் வைத்தவர் யாரோ, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் வாழ்த்து அவருக்கு உரியது.

முப்படிச் சமன்பாட்டை எப்படித் தீர்ப்பது என்று இத்தாலியில் பதினாறாம் நூற்றாண்டில் பெரிய தகராறே நடந்தது. 1535இல் தர்தாலியாவும் பியோரும் ஆளுக்கு முப்பது கணக்கு கொடுத்துப் பந்தயம் கட்டினார்கள். வென்ற தர்தாலியாவிடம், வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து சூத்திரத்தைக் கறந்த கார்டானோ, 1545இல் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். புதுவாயலில் அந்த மனக்கசப்புகள் இல்லை. கேசியோ எப்.எக்ஸ். 991 எம்.எஸ். கால்குலேட்டரில் மோடு பொத்தானை மூன்று தடவை அமுக்கி, ஒன்று, வலப்பக்க அம்பு, மூன்று என்று தட்டிக் கெழுக்களைக் கொடுத்தால் மூலங்கள் வந்து நிற்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். விடை மட்டும் எழுதினால் ஸ்டெப் மார்க் கிடையாது. எனவே விடை தெரிந்த மாணவர், தெரியாதவர் போல் நடிக்க வேண்டும். "லாம்டா = 1 எனப் பிரதியிட, பூஜ்யம் வரவில்லை" என்று ஒரு வரி. "லாம்டா = 2 எனப் பிரதியிட" என்று இன்னொரு வரி. பிறகு தற்செயலாகத் தோன்றியது போல் 3. இந்தப் பொய்த் தடுமாற்றத்தை எவ்வளவு இயல்பாக எழுதுகிறார் என்பதில்தான் ஒரு மாணவரின் கலைத்தேர்ச்சி தெரிகிறது. நேரே 3-ஐப் போடுபவர் பச்சைப் புதுசு.

கெய்லி–ஹாமில்டன் தேற்றத்துக்கும் ஓர் அடைப்புக்குறிக்குள் இடம் தர வேண்டும். "சரிபார்க்க" என்று வரும் கேள்வி இது. "நிரூபித்துக் காட்ட வேண்டாமா, வெறுமனே ஒரு அணியை எடுத்துச் சரிபார்த்தால் அது கணிதமா?" என்று சில தூய்மைவாதிகள் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் 1858ஆம் ஆண்டுக்குப் போய்வருவது நல்லது. கெய்லியே அந்த ஆண்டு எழுதிய கட்டுரையில் இரண்டுக்கு இரண்டு அணியில் சரிபார்த்து, மூன்றுக்கு மூன்றிலும் பார்த்துவிட்டதாகச் சொல்லி, பொது நிரூபணத்துக்குக் கஷ்டப்பட அவசியமில்லை என்று விட்டுவிட்டார். முழு நிரூபணம் 1878இல் புரோபீனியஸ் கையில்தான் வந்தது. ஆகக் கடைசி பெஞ்ச் மாணவர் செய்வது அச்சு அசல் கெய்லி செய்ததே. கெய்லி பதினான்கு ஆண்டுகள் வக்கீல் தொழிலும் பார்த்தவர், எவ்வளவு சொன்னால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மையக் கண்டுபிடிப்பு

இனி ஆய்வின் நெஞ்சுப்பகுதி. 2017 ரெகுலேஷன்படி இன்டர்னலுக்கு 20, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 80. தேர்வு நூறுக்கு நடக்கும், பிறகு எண்பதாகச் சுருக்கப்படும். பாஸாக இரண்டு நிபந்தனைகள்: மொத்தம் 50க்குக் குறையக் கூடாது, தேர்வில் நூற்றுக்கு 45க்குக் குறையக் கூடாது. இன்டர்னலை இ என்றும் தேர்வு மதிப்பெண்ணைத் தே என்றும் கொண்டால், இ கூட்டல் 0.8 தே குறைந்தது 50, தே குறைந்தது 45. வரைபடம் போட்டால் இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி இ = 14, தே = 45.

இந்த மூலைப்புள்ளியைக் கண்டுபிடிக்க எந்த மாணவரும் வரைபடம் போட்டதாகத் தகவல் இல்லை. ஆனால் முதல் இன்டர்னல் முடிந்த வாரத்திலேயே, "பதினாலு வந்துட்டா போதும்டா, அதுக்கு மேல வாங்குறது வேஸ்ட்" என்ற வாக்கியத்தை ரயிலில் தெளிவாகக் கேட்கலாம். 14க்குக் கீழே குறையும் ஒவ்வொரு இன்டர்னல் மார்க்குக்கும் தேர்வில் ஒன்றேகால் மார்க் தண்டம் கட்ட வேண்டும். பத்து வந்தவருக்கு 50 தேவை. சுழி வாங்கியவருக்கு 63. பதினான்குக்கு மேல் வாங்கியதோ பாஸ் என்ற குறிக்கோளுக்குக் காலணாவுக்கும் உதவாது. இது நேரியல் திட்டமிடல் எனப்படும் பெரிய படிப்பின் முழு சாரம். அதைத் தாளில் கேட்டால் எழுதத் தெரியாதவர் அதன்படி செமஸ்டர் முழுக்க வாழ்ந்து காட்டுகிறார்.

2021 ரெகுலேஷன் இன்டர்னலை 40 ஆக்கித் தேர்வை 60 ஆக்கியது. மூலைப்புள்ளி 23க்கு நகர்ந்தது. இருபதுக்குப் பதினான்கு வாங்க நூற்றுக்கு எழுபது வீதம் உழைக்க வேண்டும், நாற்பதுக்கு இருபத்து மூன்று என்றால் ஐம்பத்தேழரை போதும். மறுபக்கம், இன்டர்னலைக் கோட்டைவிட்டவருக்குத் தண்டம் மார்க்குக்கு ஒன்றும் மூன்றில் இரண்டும் ஆகிறது. முன்பு பேராசிரியரைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள் இப்போது "குட் மார்னிங் மேம்" என்று தாமாகவே எதிரே வருவதன் கணிதக் காரணம் இதுவே. நாற்பத்தைந்தை எங்கிருந்து திரட்டுவது என்பதற்கும் தயார்க் கணக்கு உண்டு: பார்ட் ஏ-யில் ஒரு பன்னிரண்டு, மேட்ரிக்ஸில் பதின்மூன்று, இன்னொரு யூனிட்டில் பதின்மூன்று, மிச்சம் ஏழுக்கு எல்லாக் கேள்வியிலும் முதல் நான்கு வரி. இந்த ஏழைப் பற்றித்தான் விரதங்களும் வேண்டுதல்களும்.

இடையில் 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தாள்களில் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. சமனிலித் தொகுதியே ஒரே இரவில் காணாமல் போனது. மாநிலமெங்கும் முதல்வரை வாழ்த்திப் பேனர்கள் முளைத்தன, விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இயற்கணித வரலாற்றில் பதாகை கட்டிக் கொண்டாடப்பட்ட ஒரே நிகழ்வு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எஞ்சிய ஒரு முரண்

இந்தக் கோட்பாடு விளக்கினாலும் ஆற்றுப்படுத்த முடியாத நேர்வு ஒன்று உண்டு. பதினான்குக்கு மேல் வாங்குவது வீண் என்பதை ஏற்காமல், 2017 ரெகுலேஷனில் ஒழுங்காக அசைன்மென்ட் எழுதி இன்டர்னலில் 19 வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேர்வில் அவருக்கு 44. எண்பதுக்குச் சுருக்கினால் 35.2, மொத்தம் 54.2. பக்கத்து இருக்கைக்காரருக்கு 14, 45, மொத்தம் சரியாக 50. அப்போதெல்லாம் ரிசல்ட்டில் மார்க் தெரியாது, கிரேடு மட்டும்தான். ஐம்பதுக்காரருக்கு பி, ஐம்பத்து நாலுக்காரருக்கு ஆர்.ஏ., அதாவது மறுபடி எழுது. விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்த பிறகுதான் விவரமே தெரியவரும்.

அனுப்பம்பட்டு தாண்டி அந்த நகலைத் தொடை மேல் விரித்துவைத்துக்கொண்டு நடந்த உரையாடலின் ஒரு பகுதி:

"மச்சி, டோட்டல்ல உன்னவிட நாலு மார்க் ஜாஸ்திடா நான்."

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல, பதினாலோட நிறுத்திக்கன்னு."

"அந்த கெய்லி–ஹாமில்டன்ல ஒரு மைனஸ் விட்டிருக்கேன் பாரு. ரீவேல்யுவேஷன் போட்டா ஒரு மார்க் ஏறுமா?"

"ஏறலாம். காசு கட்டுற செலவு, ஏறுற சான்ஸ், மறுபடி எழுதுற ஃபீஸ், மூணையும் வெச்சுப் பாரு." மீஞ்சூர் வருவதற்குள் அவரே விடையும் சொன்னார். "எழுதிடு. ஆனா இந்தத் தடவ மொதல்ல மூணைப் போடாத, ஒண்ணு, ரெண்டு போட்டுட்டு அப்புறம் போடு."