நான்கு நிமிடத்தில் என்னை அறிந்துகொண்டவர்களுக்கு

அனுப்புநர்: வரிசை எண் 31 (பெயர் சொன்னாலும் தங்களுக்கு நினைவு வராது. அன்றைக்கும் வரவில்லை.)

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், நேர்காணல் குழு, மருத்துவ உளவியல் துறை.

பொருள்: எம்.ஃபில். க்ளினிக்கல் சைக்காலஜி – 2024 சேர்க்கை – நேர்காணலில் என்னைத் துல்லியமாகக் கணித்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: என் எண் இல்லாமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்ட தங்கள் பட்டியல்.

ஐயா, அம்மா,

தங்கள் முன்னால் நான்கு நிமிடம் உட்கார்ந்து எழுந்து போனவள் நான். நான்கு என்பது என் கணக்கல்ல. கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன், ஒவ்வொருவரும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரு நோட்டில் மணி குறித்துக்கொண்டிருந்தார். தங்கள் துறையில் அன்று நடந்த ஒரே முறையான அளவீடு அதுதான்.

புதிதாக வரும் ஒரு நோயாளியிடம் கேஸ் ஹிஸ்டரி எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும், அவசரப்படக் கூடாது என்று எம்.எஸ்ஸி.யில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்களோ நான்கே நிமிடத்தில், அதிலும் ஒரு நிமிடம் என் ஃபைலைத் தேடியதில் போக, மீதி மூன்றில் என்னைக் கரைத்துக் குடித்துவிட்டீர்கள். ஜாதகக் கட்டைப் பார்க்கிறவர்கூட இதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வார்.

காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, பேருந்து நிலையத்தின் கட்டணக் கழிப்பறையில் சேலை மாற்றிக்கொண்டு எட்டரைக்கே வந்துவிட்டேன். வராந்தாவில் நாற்பது பேர், ஒரு மின்விசிறி. ஒரிஜினல் சர்டிபிகேட் ஒரு செட், அட்டெஸ்டட் ஜெராக்ஸ் இரண்டு செட் என ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே போய் வந்தவர்களை மற்றவர்கள் மொய்த்துக்கொண்டு, “என்ன கேட்டாங்க? என்ன கேட்டாங்க?” ரோர்ஷாக் மைத்தடப் பரிசோதனையில் பத்து கார்டு, ஐந்து கறுப்பு, இரண்டில் சிவப்பும் சேரும், மூன்று பல வண்ணம் என்று நான் பஸ்ஸிலிருந்தே முணுமுணுத்தபடி வந்தேன். அதை யாரிடமும் நீங்கள் கேட்கவில்லை. என் முறை வந்தபோது மணி 1.50. அறைக்குள் சாம்பார் வாசனை. மேசைமேல் பிரிக்காத சாப்பாட்டுப் பார்சல்கள் ஐந்து. உங்கள் பார்வை அடிக்கடி போன இடம் அதுதான்.

மனநிலைப் பரிசோதனையில் நாங்கள் பார்க்கும் விஷயங்களில் ஒன்று ஓரியன்டேஷன்: காலம், இடம், ஆள் பற்றிய தெளிவு. பழக்கதோஷத்தில் தங்களுக்கும் மனதுக்குள் அதைச் செய்துபார்த்தேன், மன்னிக்க வேண்டும். காலம்: ஐந்து மணி நேரப் பிசகு. ஆள்: எனக்கு அடுத்து வரவேண்டியவரின் பெயரால் என்னை இரண்டு முறை அழைத்தீர்கள். இடம் மட்டும் கச்சிதம். “ராமநாதபுரமா? அப்போ ஏர்வாடி பக்கம்னு சொல்லுங்க!” என்றார் ஒருவர். மற்ற நால்வரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் ஊர் சாயல்குடி பக்கம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தபோது எனக்கு இரண்டு வயது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டுதான், டீக்கடையில். மனநோயின் மேல் சமூகம் குத்தும் முத்திரையைப் பற்றி ஒரு முழுத் தாள் நடத்துகிறவர்களின் அறையிலும் கேட்பேன் என்று நினைக்கவில்லை. நான் சிரித்ததற்கு மார்க் போட்டீர்களா, குறைத்தீர்களா?

அடுத்த கேள்வி: “ஏன் சைக்காலஜி? வீட்டில் யாருக்காவது பிரச்னையா?” இதன் நுட்பம் எனக்கு ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிடிபட்டது. ஆமாம் என்றால் சொந்தக் காயத்தைச் சுமந்துகொண்டு வருகிறாள், தாங்கமாட்டாள். இல்லை என்றால் ஈடுபாடு மேலோட்டமானது. எலியைப் பெட்டிக்குள் விட்டு, இரண்டு கதவிலும் ஷாக் வைப்பது போன்ற ஏற்பாடு. எலியை வைத்துச் செய்வதற்கே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எனக்கு ஒரு பெரியம்மா உண்டு. அவரைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்த நேரத்தில், பதில் தாமதம் என்று ஒருவர் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பிறகு, கல்யாணம் ஆகிவிட்டதா, எப்போது ஆகும், ஆனால் படிப்பைப் பாதியில் விடுவேனா என்ற மூன்று. எனக்கு முன்னால் போன பையனிடம் வெளியே விசாரித்தேன். அவனிடம் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லையாம். அவனிடம் கிரிக்கெட் பேசினீர்களாம்.

“ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?” என்றும் கேட்டீர்கள். ஐயா, நீங்கள் தரவிருந்த பட்டத்தின் கதை என்ன? எம்.ஃபில். இனி கிடையாது என்று யு.ஜி.சி. 2022 விதிமுறையில் எழுதிவிட்டது. பிறகு 2024 ஜனவரியில், க்ளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை ஆயுளை நீட்டித்துக் கொடுத்தது. பட்டமே வாடகை வீட்டில் காலி செய்யும் நோட்டீஸோடு உட்கார்ந்திருக்கிறது. நான் மட்டும் 2029-க்கு முகவரி தரவேண்டும். இருந்தும் வந்தோம். ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இல்லாமல் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது, எங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பதிவுக்கு இதுதான் வழி.

பாடத்திலிருந்தும் ஒன்று கேட்டீர்கள் என்பதை மறைக்கக் கூடாது. இல்யூஷனுக்கும் ஹாலுசினேஷனுக்கும் என்ன வித்தியாசம்? கிடக்கிற கயிற்றைப் பாம்பென்று பார்த்தால் இல்யூஷன், கயிறே இல்லாத இடத்தில் பாம்பைப் பார்த்தால் ஹாலுசினேஷன் என்றேன். தமிழில் வந்துவிட்டது. “இங்கிலீஷ், ப்ளீஸ்” என்றார் அம்மையார். திருப்பிச் சொல்வதற்குள் போன் அடித்தது. உங்கள் ஓ.பி.யில் காலையில் வந்து உட்காரும் அம்மா, “யாரோ செய்வினை வச்சுட்டாங்க, காதுக்குள்ள பேசுறாங்க” என்பார். அவரிடமும் “இங்கிலீஷ், ப்ளீஸ்” தானா?

இதெல்லாம் தெரியாமல் செய்தீர்கள் என்றால் எனக்குக் கோபமே இல்லை. நீங்கள் பாடம் நடத்துகிறவர்கள். ஒரு குணம் பிடித்துவிட்டால் அந்த ஆளின் எல்லாக் குணமும் நல்லதாகத் தெரியும் என்பதை 1920-லேயே தார்ன்டைக் எழுதிவைத்தார். ஹாலோ எஃபெக்ட், இரண்டு மார்க் கேள்வி. ஹூஸ்டன் கதையும் தங்களுக்குத் தெரியாதிருக்காது. 1979-இல் அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி, நேர்காணல் எல்லாம் முடித்து 150 பேரைப் பொறுக்கி எடுத்துவிட்டது. கடைசி நேரத்தில் டெக்சாஸ் சட்டமன்றம், இன்னும் 50 பேரைச் சேருங்கள் என்றது. வேறு வழியில்லாமல், வேண்டாம் என்று ஒதுக்கியவர்களிலிருந்து 50 பேரை அழைத்தார்கள். படிப்பு முடியும்வரை பின்தொடர்ந்து பார்த்ததில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. மதிப்பெண்ணிலும் இல்லை, நோயாளிகளிடம் வேலை செய்வதிலும் இல்லை. 2013-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதைவிட வேடிக்கை. அதில் சிலரை நேர்காணலில் உண்மையைப் பொருட்படுத்தாமல், கண்மூடித்தனமான ஒரு விதிப்படி ஆமாம் இல்லை என்று சொல்லவைத்தார்கள். கேள்வி கேட்டவர்கள் அதையும் நம்பி, ஆளை நன்றாகப் புரிந்துகொண்டோம் என்றே சொன்னார்கள்.

எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் தனி மதிப்பெண் என்று கட்டுக்கோப்பாக நடத்தினால் நேர்காணல் ஓரளவு உருப்படும் என்பதும் உங்கள் பாடத்தில்தான் இருக்கிறது. அது சிரமம் என்றால் சுலபமான வழி ஒன்று நம்மிடமே உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்க, வயது, நிலம், வீடு, படிப்பு என்று முதலில் தகுதி பார்த்தார்கள். தகுதி உள்ளவர்கள் பெயரையெல்லாம் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எழுத்துத் தேர்வுதான் ஏற்கெனவே வைக்கிறீர்களே, பாக்கி ஒரு குடம்தான். செலவு குறைவு. சாப்பாடு ஆறாது. அந்தப் பையன் யாரிடமும் எப்போது கல்யாணம் என்று கேட்கமாட்டான், ஏர்வாடி என்று சிரிக்கவும் மாட்டான்.

நிற்க. நன்றிக் கடிதம் என்று தொடங்கிவிட்டு நீட்டிவிட்டேன். எனக்கு இடம் வேண்டாம், பட்டியலையும் மாற்ற வேண்டாம். எழுத்துத் தேர்வுப் பட்டியலில் ஆறாவதாக இருந்த நான் அந்த நான்கு நிமிடத்தில் எங்கே போனேன் என்று மட்டும் தெரியவேண்டும். எந்த உறுப்பினர், எந்தத் தலைப்பில், எனக்கு எவ்வளவு போட்டார் என்ற விவரத்தையும், தலைப்புகள் என்று ஏதும் இல்லாதிருந்தால் இல்லை என்பதையும் எழுத்தில் தரக் கேட்டுக்கொள்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி இதற்குத் தங்களுக்கு முப்பது நாள் அவகாசம். நான்கு நிமிடத்தைவிட அதிகம்தான்.

இப்படிக்கு,
வரிசை எண் 31

இணைப்பு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு – 1. சுயமுகவரியிட்ட உறை – 1.