பல்பு வாங்கிய கதை

வீட்டிலேயே குஞ்சு பொரிக்க என்ன வேண்டும் என்று கேட்டால் எங்கள் அம்மா சொல்லும் பதில்: "ஒரு கோழி." எனக்கும் மகனுக்கும் அது ரொம்பப் பழைய ஏற்பாடாகப் பட்டது. மீன் கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டி, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஃபேன், ஆன்லைனில் வாங்கிய தெர்மோஸ்டாட், தண்ணீர் வைக்க ஒரு கிண்ணம் எல்லாம் சேர்ந்துவிட்டன. பல்புதான் இழுத்தடித்தது.

கடையில் 40 வாட் குண்டு பல்பு கேட்டேன். "அதை இப்ப யார் சார் வாங்குறா? எல்இடி எடுத்துக்கங்க, விடிய விடிய எரிஞ்சாலும் சூடே ஆகாது" என்றார் கடைக்காரர். எனக்குச் சூடுதான் வேண்டும் என்றேன். கரன்ட் பில் எகிறும் என்றார். வெளிச்சமே தேவையில்லை, சூடு மட்டும் போதும் என்றதும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். சில்லறையை எண்ணித் தரும்போதும் அந்தப் பார்வை மாறவில்லை.

முட்டைக்கு மகன் ஃபிரிட்ஜைத் திறந்தான். "அது நாமக்கல் முட்டைடா, பொரிக்காது. அந்தப் பண்ணையில சேவலே கிடையாது" என்றேன். "சேவல் எதுக்குப்பா?" என்றான். அம்மாவைக் கேட்கச் சொல்லிவிட்டு ஃபேனுக்கு ஒயர் கொடுக்கப் போய்விட்டேன்.

ஊரிலிருந்து சிறுவிடைக் கோழி முட்டைகள் வந்தன. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் முதல் நிபந்தனை. இடிக்குக் கூமுட்டையாகிவிடாமல் இருக்க ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் உள்ளே வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. கரன்ட் ஓடும் பெட்டிக்குள் ஆணியா என்று நான் கத்த, கடைசியில் ஆணியைப் பெட்டிக்கு வெளியே செலோடேப் போட்டு ஒட்டுவதென்று சமரசம் ஆயிற்று. கரித்துண்டு உள்ளேயே இருந்துகொண்டது.

சூடு 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டோம். காலையில் நான், மத்தியானம் மனைவி, ராத்திரி மகன். கோழி இதையே ஒரு நாளில் பலமுறை, அலாரம் வைக்காமல், அலகாலேயே செய்துவிடுகிறது. எகிப்தில் மண்ணால் அடுப்பறை கட்டி, சாணம் எரித்து ஆயிரக்கணக்கில் பொரிக்க வைத்தார்களாம். தெர்மாமீட்டர் இல்லாததால் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே சூடு சொல்வார்களாம் என்று அம்மாவிடம் அளந்தேன். "பெறகு? அதுக்கொரு மெசினா?" என்றாள்.

ஏழாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்தோம். ஓடு செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே சிலந்திவலையாய்ச் சிவப்பு நரம்புகள். நடுவில் கரும்புள்ளி ஒன்று துடுக்கென்று அசைந்தது. "ஐயோ, கண்ணுங்க!" என்றாள் அதுவரை இந்த வேலையைத் திட்டிக்கொண்டிருந்த மனைவி. ஒரு முட்டை மட்டும் வெறுமனே விளக்காய் எரிந்தது. கூமுட்டை என்றேன். "எங்க கணக்கு சார் என்னைச் சொல்றது இதைத்தானா?" என்று மகன் அதை அக்கறையோடு வாங்கிப் பார்த்தான்.

பராமரிப்புப் பணிக்காக ஒருநாள் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை. அன்று மனைவி ஆபீசுக்கு லீவு. அவள் வெந்நீர் பாட்டில்களை மாற்றி மாற்றி உள்ளே வைக்க, அம்மா பெட்டியைக் கம்பளியால் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். விசாரிக்க வந்த எதிர்வீட்டுக்காரர் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார்.

கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பவும் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. திறந்தால் ஈரப்பதம் போய், உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் இறுகிவிடும். அந்த நாட்களில்தான் மூடியைத் திறக்க எல்லோருக்கும் கை அரித்தது. இருபதாம் நாள் முட்டைக்குள்ளிருந்தே "கீச்" என்றது. மகன் பதிலுக்குக் கீச்சினான். அது திரும்பக் கீச்சியது. ராத்திரி முழுக்க இந்தப் பேச்சுவார்த்தைதான். விடிகாலையில் பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்தால், ஒரு முட்டையில் மிளகளவு ஓட்டை. அதில் அலகின் முனை வந்து வந்து போனது. மத்தியானம் வரை அதே ஓட்டைதான். லேசாக உரித்து விடலாமே என்று நகத்தைத் தயார் செய்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். "ரத்தம் இன்னும் உள்ள இழுத்திருக்காதுடா. அதுவா வரட்டும்." சாயங்காலம் அதுவாக வந்தது: நனைந்து, கோணி, பார்க்கச் சகிக்காமல். காய்ந்து பஞ்சான பிறகுதான் போட்டோ எடுத்தோம்.

எல்லாம் பொரித்தபின், இனி குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், பல்பு எரிந்துகொண்டேதான் இருக்கும் என்று அறிவித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் உசிலம்பட்டிச் சித்தி வீட்டிலிருந்து அடையில் இருந்த கோழி ஒன்று கூடையில் வந்து இறங்கியது. ராத்திரி இருட்டில் குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டாள். விடிந்தபோது அத்தனையும் அதன் பிள்ளைகள்.

தீவனத் தட்டோடு போன என்னைப் பார்த்ததும் சிறகை விரித்து, கழுத்து மயிர் சிலிர்க்க, புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது. "அந்நிய ஆளுன்னா அப்படித்தான்" என்றாள் அம்மா.