விராலும் மூழ்கிச் சாகும்

கேள்வி: கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் கெட்டால் கெண்டை மிதக்கிறது, விரால் துள்ளுகிறது. விராலுக்கு மட்டும் என்ன வரம்? (வாசகர், உத்தனப்பள்ளி)

பதில்: வரமில்லை, மாடிவீடு! ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லி ஆக்சிஜன். நல்ல தண்ணீரிலோ 10 மில்லிகூடத் தேறாது. அதனால்தான் செவுளில் இரத்தம் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. கரைந்த ஆக்சிஜனில் முக்கால் பங்கு வரை செவுள் கறந்துவிடும். சாக்கடை கலந்தால் அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன; கெண்டைக்கு மிச்சமில்லை. ‘காற்றில்தான் இவ்வளவு இருக்கிறதே, கரையில் போட்ட கெண்டை ஏன் சாகிறது?’ என்பீர்கள். தண்ணீர் தாங்காவிட்டால் செவுளின் சிவந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிடும்; சுவாசிக்கப் பரப்பே இருக்காது. விராலுக்குச் செவுளுக்கு மேலே தனியாகக் காற்றறை உண்டு; அதுதான் நான் சொன்ன மாடிவீடு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிப் போகும். வலையால் அதை அடியிலேயே அமுக்கி வைத்தால், மீனே மூழ்கிச் செத்துப்போகும்!

‘விரால் பிழைக்கிறதே, அப்போது தண்ணீர் சுத்தம்தானே?’ என்று சில அதிகாரிகள் கேட்கக்கூடும். விரால் மூச்சுவிடுவது உத்தனப்பள்ளிக் காற்றை, ஐயா; தண்ணீருக்கு அது சாட்சி சொல்லாது. கெண்டையைக் கேளுங்கள்.