கட்-ஆஃப் ஜோசியர்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து அவனுக்குப் பெயர் கிடையாது. "நூத்தித் தொண்ணூத்திரெண்டரை வீடு எது?" என்று தெருமுனை டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள். கணக்கில் 97. இயற்பியலில் 95, அதில் பாதி 47.5. வேதியியலில் 96, அதில் பாதி 48. ஆக மொத்தம் 200-க்கு 192.5. தமிழில் எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். கட்-ஆஃபில் சேராத மார்க்கை ஞாபகம் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்பாவுக்கு இதில் ஒரு பழைய மனக்குறை. அவர் காலத்தில் மொத்தம் 1,200, நுழைவுத் தேர்வையும் சேர்த்துக் கட்-ஆஃப் 300-க்கு. "நான் அப்பவே 1,012 வாங்கினேன்டா" என்று மார்பை நிமிர்த்துவார். இவன் கால்குலேட்டரைக்கூடத் தொடாமல், "இப்போ கணக்குக்கு 600-க்கு 506 வருதுப்பா" என்பான். அப்பா செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வார்.

ரிசல்ட்டுக்கும் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் நடுவே உள்ள அந்த வாரங்களில் அவன் கையில் ஒரு 192 பக்க நோட்டு இருக்கும். (பக்கமும் கட்-ஆஃபும் கிட்டத்தட்டப் பொருந்தியது தற்செயல்தான், பாட்டி மட்டும் அப்படி நினைக்கவில்லை.) 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் துறைவாரியாக, பிரிவுவாரியாக, போன வருடம் கடைசி சீட் எந்த மார்க்கில் மூடியது, அதற்கு முந்தின வருடம் எதில் மூடியது என்று மூன்று நிற மையில் எழுதி வைத்திருப்பான். இயற்பியல் ரெக்கார்டு நோட்டை இப்படி எழுதியிருந்தால் ஆசிரியர் கோயில் கட்டியிருப்பார்.

கல்லூரிகளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊரிலிருந்து வந்த பெரியப்பா, "எங்கடா சேரப் போற?" என்று கேட்டார்.

"ஒண்ணு கிடைச்சா நல்லது பெரியப்பா. இல்லேன்னா நாலு. அதுவும் இல்லேன்னா 2006."

ஏதோ பஸ் நம்பர் என்று நினைத்த பெரியப்பா, "கூட்டமில்லாத வண்டியாப் பாத்து ஏறுப்பா" என்று ஆசீர்வதித்தார். ஒண்ணு என்றால் கிண்டி, நாலு என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி., 2006 என்றால் கோவை பி.எஸ்.ஜி. என்று அந்தக் கவுன்சிலிங் எண்களை அம்மா பிறகு விளக்கினாள். ஒரே மாதத்தில் அம்மாவுக்கும் எல்லாம் மனப்பாடம். மதுரை தியாகராசர் என்று யாராவது வாயைத் திறந்தால், கீரை ஆய்ந்துகொண்டே "5008" என்கிறாள்.

தாத்தா மட்டும்தான் விவரம் புரியாமல் கேட்டார். "சிவில் எடேன்டா. சின்னப் பிள்ளையில பாலம் கட்டற இடத்துல இருந்து உன்னைத் தூக்கிட்டு வர்றதே பெரும்பாடு. கிண்டி காலேஜே 1794-ல நிலம் அளக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்தானே."

"சிவில் கிடைக்கும் தாத்தா. ஆனா மார்க் வேஸ்ட்."

இந்தப் பதிலுக்காக அவனைக் குறை சொல்ல முடியாது. இது தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் எழுதப்படாத சட்டம். கட்-ஆஃப் என்பது சில்லறை வாங்காமல் முழுதாகச் செலவழிக்க வேண்டிய நோட்டு. 192.5-ஐ நீட்டி 185-இல் கிடைக்கிற படிப்பை வாங்கினால் மிச்சம் ஏழரையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வந்த மாதிரி. அம்மாவுக்கு அந்த ராத்திரி தூக்கம் வராது. ஆகவே கம்ப்யூட்டர் சயின்ஸ். அது இல்லையென்றால் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், அதுவும் இல்லையென்றால் சைபர் செக்யூரிட்டி, ஐ.ஓ.டி. இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டால் துல்லியமாகச் சொல்வான்: "ஒண்ணரை மார்க்."

வீட்டில் பெரிய கலவரம் வந்தது சமவாய்ப்பு எண் வெளியான அன்று. ஒரே கட்-ஆஃபில் பல பேர் நின்றால் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல். இப்படி வரிசையாகப் பார்த்தும் தீராவிட்டால் பிறந்த தேதி, அதில் மூத்தவருக்கு முன்னுரிமை. எல்லாமே சமமாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் கொடுத்த அந்தப் பத்து இலக்க எண்ணுக்கு வேலை. பாட்டி பத்து இலக்கத்தையும் கூட்டி எட்டு வருகிறது என்று கண்ணீர் விட்டாள். அம்மாவின் துயரம் வேறு: "நல்ல நட்சத்திரமா வரட்டும்னு ஆபரேஷனை நாலு நாள் தள்ளிப் போடச் சொன்னது யாரு? அந்த நாலு நாள் இப்போ எத்தனை ரேங்க்?" அப்பா மறுபடியும் செய்தித்தாளைத் தேடினார்.

இதற்குள் அவனுடைய புகழ் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. சாயங்காலமானால் வாசலில் செருப்புகள். வெற்றிலை பாக்குதான் வைக்கவில்லை, மற்றபடி ஜாதகம் பார்க்கிற இடமேதான். ஒருவர் மகளின் மார்க் பட்டியலை நீட்டினார். வாங்கினான், கண்ணை மூடினான், திறந்தான். "178. இது முதல் ரவுண்டுல வராது மாமா. ஆசைப்படற மூணை மேல போடுங்க, கிடைக்கற ஏழைக் கீழ போடுங்க, பயத்துக்கு ரெண்டு." மாமா பரவசமாகிவிட்டார். எழுந்திருக்கும்போதுதான் சந்தேகம் வந்தது.

"அந்த ஈ.சி.இ.-ல என்னதான் தம்பி சொல்லித் தருவாங்க?"

அந்த வருடத்திலேயே அவனிடம் விடை இல்லாத ஒரே கேள்வி. "பிளேஸ்மெண்ட் நல்லா இருக்கும் மாமா" என்று சமாளித்தான்.

கவுன்சிலிங் 2018-லிருந்து ஆன்லைனில் நடக்கிறது. அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் குடும்பத்தோடு போய், பெரிய திரையில் காலியிடம் குறைவதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது அந்த நெஞ்சுவலி வீட்டிலேயே கிடைக்கிறது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அவன் தேர்ந்தெடுத்தது, கிடைத்த சீட்டை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கிற வழி. கையில் இருப்பதை விடாமல் அடுத்ததன் மேலும் கண் வைக்கிற அந்த வசதியை யோசித்தவர் நிச்சயம் நம் பக்கத்துக் குடும்பத்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

மேலே ஒன்றும் நகரவில்லை. கிடைத்த இடத்திலேயே கம்ப்யூட்டரில் சேர்ந்தான். முதல் செமஸ்டரில், பிளஸ் டூவில் கணக்கில் 97 வாங்கிய பிள்ளைக்கு எம்-ஒன்னில் அரியர். அடுத்த மே மாதம் அரியர் பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று அம்மா அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். காபி கொடுக்க உள்ளே போனபோது மேஜையில் எம்-ஒன் புத்தகம் திறந்திருந்தது. அதன் மேல் ஒரு புது 192 பக்க நோட்டு. அவன் போனில் இருந்தான்.

"189-ஆ? கவலையே படாதீங்க சித்தப்பா. 2007-ஐ மேல போடுங்க."